கோழிக் கூடும் குஞ்சு வளர்ப்பும்

வயலை உழாமல் விதைநெல்லை எறிவார் எவருமில்லை. ஆனால் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கிய பின்னரே கூட்டைப் பற்றி நினைப்பார் பலர். குஞ்சுகளின் சாவிற் பெரும்பகுதி முதல் மூன்று கிழமைகளில் நிகழ்கின்றது. அதற்குக் காரணம் பெரும்பாலும் குளிரும் ஈரமும் நெருக்கமுமே ஆகும்.

வடக்குக் கிழக்குப் பகுதிகளில் ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிமழை பொழியும். அக்காலத்திற் குஞ்சு வாங்காதீர்கள். காலபோக அறுவடை முடிந்த மாசி மாதமே ஏற்றது. நிலம் காய்ந்திருக்கும், உமி, தவிடு, குறுணல் ஆகியன கைவசம் இருக்கும்.

வளர்ந்த கோழிகள் 25 தங்குவதற்கு 10 அடி நீளமும் 6 அடி அகலமுமுடைய கூடு போதும். வெள்ளம் நில்லாத மேட்டிலே, நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையும்படி கட்டுதல் வேண்டும். தரையை 1 அடி உயர்த்தி, மண்ணை இடித்து இறுக்குங்கள். சுவர் 2 அடி உயரமிருந்தாற் போதும். அதன்மேற் கூரை வரை அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலை அடித்தல் வேண்டும். கண் பெரிதாயின் எலியும் பாம்பும் புகும். கிடுகினால் வேய்ந்து, தூவானம் உட்புகாதவாறு கூரையை 3 அடி வெளியே நீட்டுங்கள். மரநாய்க்கு அஞ்சி நாற்புறமும் பலகையால் அடைப்பார் உளர். மரநாய் வராதுதான், காற்றும் வராது.

குஞ்சுகள் வருவதற்கு முதல்நாளே கூட்டினுள் 3 அங்குலக் கனத்திற்கு உமி பரப்பி, தகரத்தால் அல்லது கடதாசி மட்டையால் 18 அங்குல உயரமான வட்டம் அமையுங்கள். குஞ்சுகள் 25 ஆயின் வட்டத்தின் குறுக்களவு 4 அடி. அது வட்டமாகவே இருத்தல் வேண்டும். பண்ணைப் பாடசாலையை விட்டு வெளிவந்த ஆண்டிலே நான் 50 குஞ்சுகளைச் சதுரப் பெட்டியில் வளர்த்தேன். ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டது, நானோ உறங்கிவிட்டேன். விடியற்காலையில் 19 குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேலொன்றாய் நெரிந்து இறந்து கிடந்தன.

முதற் கிழமையில் குஞ்சின் மட்டத்திலே 95 பாகை பரனைற்று வெப்பம் வேண்டும். பின்னர் கிழமைதோறும் 5 பாகை குறைத்துவரலாம். இதற்கு 60 உவாற்று இழைக்குமிழ் ஒன்று உதவும். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் ஒளி தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தராது. வெப்பமானி இல்லையெனில் குஞ்சுகளையே பாருங்கள். குமிழின் கீழ் நெருங்கிக் கத்தினால் குளிர். வட்டத்தின் ஓரத்திற்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினாற் சூடு மிகை. பரவலாகப் படுத்திருந்தால் அளவு சரி. இரவில் ஒரு முறையேனும் எழுந்து பார்த்தல் அவசியம். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் மாத்திரம் வளர்ப்போர், சில நாட்களாக அடையிலிருக்கும் ஊர்க்கோழியின் கீழ் அவற்றை இரவிலே மெல்ல வைத்துவிடலாம். பெரும்பாலும் அது ஏற்றுக்கொள்ளும். எந்தக் குமிழும் அதற்கு ஈடாகாது.

வந்தவுடன் முதலில் நீரும் பின்னரே தீனும் கொடுத்தல் வேண்டும். நீர்த்தட்டிற் கூழாங்கற்களை இட்டால் குஞ்சுகள் மூழ்கமாட்டா. எட்டுக் கிழமை வரை குஞ்சுத் தீனையே கொடுங்கள். குறுணல் மாத்திரம் உண்ட குஞ்சு வளராது. நனைந்த உமியை அன்றன்றே அகற்றுங்கள். இரத்தக் கழிச்சல் ஈரத்திலேதான் பெருகும். அகற்றிய உமியை மக்கவைத்து மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு இடலாம்.

இராணிக்கெற் நோய்க்கு, அது வந்தபின் மருந்தில்லை. முதற் கிழமையிலேயே கண்ணில் இடும் தடுப்புத் துளியைப் பற்றி அரசினர் மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கரைத்த மருந்து சில மணி நேரமே பயன்படும். ஒரு குப்பி பல குஞ்சுகளுக்குப் போதும். ஆகவே அயலவர் சிலர் ஒரே நாளிற் குஞ்சு வாங்கினால் எல்லோரும் அதனைப் பகிர்ந்துகொள்ளலாம்.