எர்த் இருக்கிறது, எத்தனை ஓம்?

சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடு எதுவானாலும், மின் கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி அதில் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய பழைய வீடுகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். 2023 ஜூலையில் அந்தச் சலுகையும் போனது. 2025 ஜூலை 1-க்குள் பழைய வீட்டுக்காரர்களும் பொருத்திவிட வேண்டும் என்று அந்நாட்டு எரிசக்திச் சந்தை ஆணையம் கெடு வைத்தது.

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் உள்ள கூத்தாநல்லூரைச் சுற்றுவட்டாரத்தில் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்களின் ஊர். சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா என்று போனவர்களின் பணம் ஊருக்கு வந்து மாடி வீடுகளாக நிற்கிறது. வீட்டுக்குள் ஏ.சி., வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்து சேர்ந்தன. உள்ளங்கை அளவுள்ள அந்தக் கருவியைத்தான் பழைய வீடுகளில் தேட வேண்டியிருக்கிறது. நம் எலக்ட்ரிக் கடைகளில் இன்னமும் ஈ.எல்.சி.பி. என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் சட்டென்று எடுத்துத் தருகிறார்கள்.

“எங்க வீட்லதான் எம்.சி.பி. போட்டிருக்கே, ஷாக் அடிச்சா டிரிப் ஆயிடாதா?” என்று கேட்பவர்கள் நிறைய. ஆகாது. எம்.சி.பி.யைக் கண்டுபிடித்தது வயரைக் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது வாய் திறக்காது. மனித உடலுக்கோ 30 மில்லி ஆம்பியரே ஆபத்தின் வாசல். ஈரமான உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்க அது தாராளமாகப் போதும். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஓடுகிற ஒரு ஃபேனின் அளவுகூட இல்லை.

கரண்ட் ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் பிடித்துக்கொள்வது நம் கைதான். மின்சாரம் பாயும்போது முன்கைத் தசைகள் இறுகி, விரல்கள் மடங்கி, தொட்ட பொருளை விடாமல் பற்றிக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியல், தன்னார்வலர்களைக் கொண்டு எத்தனை மில்லி ஆம்பியர் வரை கையை விடுவிக்க முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5. அந்த அளவைத் தாண்டினால் “விட்டுடு, விட்டுடு” என்று பக்கத்தில் நிற்பவர் கத்திப் பயனில்லை. மெயினை அணைக்க ஓட வேண்டும்.

சரி, எர்த் எதற்கு இருக்கிறது? ஃபிரிட்ஜின் இரும்பு உடலில் கரண்ட் கசிந்தால் அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸ் போய்விடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் விட்டுப்போனது, எர்த் குழியின் மின்தடை எத்தனை ஓம் என்ற கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் எர்த் 20 ஓம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் 2 ஓம் என்று கொள்வோம். ஃபிரிட்ஜுக்குள் பேஸ் கம்பி உடைந்து உடலைத் தொட்டுவிட்டது. 230-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் பத்தரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. அந்த மின்சாரம் 20 ஓமைக் கடக்கும்போது ஃபிரிட்ஜின் உடலில் நிற்பது 200 வோல்ட்டுக்கும் மேல். ஃபிரிட்ஜில் மட்டுமா? அதே எர்த் கம்பியில் சேர்ந்திருக்கும் வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடலிலும் அதே வோல்ட்டேஜ் ஏறி நிற்கும். இடையில் மண்ணுக்குள் மணிக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் வீணாகப் போய்க்கொண்டிருக்கும். யார் உடம்பிலும் அடிக்காமல் தப்பித்தால், கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் விஷயம் தெரியவரும்.

பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்த்து, பல்பு பளிச்சென்று எரிந்தால் “எர்த் நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. நூறு வாட் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஓம் வழியாகவும் அது பளிச்சென்றுதான் எரியும். எர்த் இருப்பது அதில் தெரியும். போதுமா என்பது தெரியாது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, எண்ணைச் சொல்பவர்தான் சோதித்தவர்.

இங்கே டெல்டா மண்ணுக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. கருங்கல் நிலத்தில் வீடு கட்டுபவர்கள் எர்த்துக்குப் படாதபாடு படுவார்கள். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியின் வண்டல் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் மின்சாரத்தைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் உப்பும் கரியும் அடுக்கினால் நல்ல எண் கிடைத்துவிடும். ஆனால் அதே மண் சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் வந்து சேரும்வரை களிமண் சுருங்கி, பைப்பைச் சுற்றி இடைவெளி விடுகிறது. மண்ணைத் தொடாத பைப் எர்த் ஆகாது. ஐப்பசியில் ஐந்து ஓம் காட்டிய குழி வைகாசியில் எத்தனை காட்டும் என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும்.

வயரின் இன்சுலேஷனுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கோடையில் காய்ந்த சுவருக்குள் இருக்கும் பழைய வயர் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். கார்த்திகை மழையில் சுவர் ஊறி, பைப்புக்குள் நீர் கோத்துக்கொண்ட பிறகுதான் கசிவு வெளியே வரும். மெக்கர் என்று வயர்மேன்கள் சொல்லும் கருவியால் 500 வோல்ட் நேர்மின்சாரத்தை ஒரு நிமிடம் கொடுத்து, வயருக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது ஒரு மெகா ஓம் தடை இருக்கிறதா என்று பார்ப்பது விதி. ஆக, டெல்டாவில் எர்த்தைச் சோதிக்க ஏற்ற மாதம் வைகாசி. இன்சுலேஷனைச் சோதிக்க ஏற்ற மாதம் கார்த்திகை. மோசமான காலத்தில் தேறினால் மற்ற காலத்தைப் பற்றிக் கவலையில்லை. இன்னொன்றும் உண்டு: எர்த் பைப்புக்கு நல்லதாக இருக்கும் ஈர மண், செருப்பில்லாமல் கொல்லைப்புறத்தில் மோட்டார் சுவிட்சைத் தொடுபவரின் காலுக்கும் அதே தரத்தில் எர்த் கொடுக்கிறது.

அதனால்தான் ஆர்.சி.சி.பி. என்ற அந்தச் சின்னக் கருவி. அதன் உள்ளே ஒரு வளைய இரும்புக் கரு. அதன் நடுவே பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகின்றன. போன மின்சாரம் முழுதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது ஒருவரின் உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ போனால், கணக்கு இடித்து, வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருள் சுவிட்சைத் தட்டிவிடும். கசிவு பெரிதாக இருந்தால் 40 மில்லி வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். 20 ஓம் எர்த்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: ஃபிரிட்ஜ் உடலில் 0.6 வோல்ட் ஏறும்போதே லைன் போய்விடும். இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தால், உடலை ஒரு பல்பு என்றுதான் இது நினைத்துக்கொள்ளும்.

சில வீடுகளில் இது இருந்தும் இல்லாத நிலை. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அவசரத்தில் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு முடிந்துவிட்டார்கள். கணக்கு இடிக்கிறதல்லவா, கருவி சும்மா சும்மா விழும். “இது தொந்தரவு சார்” என்று அதைத் தாண்டி நேராக இணைத்துவிடுவது அடுத்த கட்டம். தொந்தரவு கொடுத்தது கருவியல்ல, அந்த முடிச்சு. கருவியின் மேலுள்ள டெஸ்ட் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுக்கு வேறொரு சிக்கல். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் வந்து இறங்கியதும் எல்லா அறையிலும் ஏ.சி., எல்லாக் குளியலறையிலும் ஹீட்டர். லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று அன்று போட்ட ‘ஒன்னே பதினெட்டு’ (1/18) என்ற மெல்லிய வயரில் இன்று இத்தனையும். இடையில் எலி கடித்ததும் திருகு தளர்ந்ததும் பூட்டிய வீட்டில் யார் கண்ணில் படும்? தளர்ந்த ஒரு திருகில் 0.1 ஓம் தடை இருந்து, அதன் வழியே 16 ஆம்பியர் ஓடினால், அந்தப் புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு அது, பிளாஸ்டிக் பெட்டிக்குள். மின்சாரம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இந்தக் கோளாறை எம்.சி.பி.யும் அறியாது, ஆர்.சி.சி.பி.யும் அறியாது. ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவர் வந்து, மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு திருகாக முறுக்கிப் பார்த்தால்தான் உண்டு.

மண்டபம், கடை, ஆலை என்று வந்தால் பணயம் பெரிது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீடியோ விளக்கின் மின்கோளாறில் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்டபத்தின் நிரந்தர வயரிங்கை ஒருவர் ஆண்டுதோறும் பார்த்தாலும், அன்றைக்கு மட்டும் வரும் சீரியல் செட்டையும் வீடியோ லைட்டையும் ஜெனரேட்டர் கேபிளையும் யார் பார்க்கிறார்கள்? 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தது வீட்டு வயரிங் சம்பந்தப்பட்டதல்ல. ஆனால், அலங்காரத்தோடு தேரின் உயரம் எவ்வளவு, கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருவர் முந்தின நாள் அளந்திருக்க வேண்டிய விஷயம்தான் அதுவும். அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள்.

சட்டம் இல்லாமல் இல்லை. இணைப்பு கொடுத்த பிறகும் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் ஒவ்வொரு மின்னமைப்பையும் சோதிக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதைச் சொல்லின. தமிழ்நாட்டில் அடுக்குமாடிகள், திரையரங்குகள், உயர் அழுத்த இணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க அரசின் மின் ஆய்வுத் துறை இருக்கிறது. லிஃப்டுக்கு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே உண்டு. சாதாரண வீட்டுக்குத்தான், மீட்டர் மாட்டிய நாளுக்குப் பிறகு, யாரும் வருவதில்லை. வீட்டுக்காரர்தான் அழைக்க வேண்டும். சிங்கப்பூர் செய்ததைப் போல ஒரு தேதி குறித்துப் பழைய வீடுகளையும் கட்டாயத்துக்குள் கொண்டுவருவதே அரசு செய்ய வேண்டியது என்பது என் எண்ணம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

உரிமச் சான்றிதழ் உள்ள வயர்மேனையோ ஒப்பந்ததாரரையோ அழையுங்கள். மெக்கரும் எர்த் டெஸ்டரும் ஆர்.சி.சி.பி.யைச் சோதிக்கும் கருவியும் கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். வேலை முடிந்ததும் மூன்று எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எர்த் எத்தனை ஓம், இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுந்தது. தேதியும் கையெழுத்தும் போட்ட அந்தத் தாளை மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். கம்பத்திலோ தெருக்கம்பியிலோ குறை கண்டால் அதை நீங்கள் தொட வேண்டாம். மின் வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிடுங்கள்.