அம்பு பட்ட மானுக்கு ஒரு கணக்கு

20 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளிமான் நிற்கிறது. மரவில்லிலிருந்து வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அம்பு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மானைப் போய்ச் சேர 0.44 வினாடி ஆகும். நாண் அதிர்ந்த சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் போகும், 0.06 வினாடியில் மானின் காதில் விழுந்துவிடும். மிச்சம் 0.38 வினாடி மானுடையது. பாய்வதற்கு முன் அது கால்களைத் தளர்த்தி உடம்பைத் தாழ்த்தும். தானாக விழுகிற எந்தப் பொருளும் முதல் 0.2 வினாடியில் 20 சென்டிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய ஒரு சாண். நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுச் சதைக்கு மாறிப்போக அந்த ஒரு சாண் போதும்.

நாண் சத்தத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. இலங்கையின் மாத்தளை நகரைத் தாண்டியதும் ஏ9 வீதியோரத்தில் இருக்கிறது அலுவிகாரை என்ற பௌத்தக் குகை விகாரை. அதே வீதியில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் மிகிந்தலை வரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன் என்ற அரசன் அங்கே வேட்டைக்குப் போனதை மகாவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் ஆள் எண்ணிக்கையோடு சொல்கிறது: கூடப் போனவர்கள் 40,000 பேர். எதிரே ஒரு மரை தெரிந்தது. அசட்டையாக நிற்கும் மிருகத்தை எய்வது முறையல்ல என்று அரசன் நாணை மட்டும் தெறிக்கவிட்டான். மரை ஓடியது, அரசன் துரத்தினான், மலைமேல் மகிந்த தேரர் என்ற பௌத்தத் துறவியைக் கண்டான். வேட்டைக் கணக்காகப் பார்த்தால் செலவு 40,000 ஆள், வரவு பூச்சியம். காயம் பட்ட மிருகமும் பூச்சியம் என்பதுதான் இந்தப் பேரேட்டின் அபூர்வமான வரி. 40,000 என்ற எண்ணை நான் அப்படியே நம்பவில்லை. நாண் சத்தத்துக்கு மிருகம் ஓடும் என்பதை மட்டும் நம்புகிறேன்; மேலே போட்ட கணக்கும் அதைத்தானே சொல்கிறது.

பெரும்பாலான அம்புகள் அப்படிப் புறப்படாமல் நிற்பதில்லை. அம்பு பட்டபின் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

மானின் எடையை 50 கிலோ என்று வையுங்கள். உடல் எடையில் சுமார் 7 சதவீதம் இரத்தம்: மூன்றரை லீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அதாவது ஒன்றேகால் லீட்டர் அளவில் போனால் மான் விழும். ஒரு மில்லிலீட்டருக்கு 20 துளி என்றால் 25,000 துளி. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் அதில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே தேங்கும். அம்பு மறுபக்கம் ஊடுருவி வெளியேறாமல் உள்ளே நின்றுவிட்டால் வெளியே வருவது சொற்பம். தேடுகிறவனுக்குக் கிடைப்பது சருகு ஒன்றில் ஒரு துளி, பத்து எட்டு தள்ளிப் புல்நுனியில் இன்னொன்று.

அந்தச் சருகைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த இலைகளில் இயல்பாகவே செம்புள்ளிகள் இருக்கும். பத்தில் எது இரத்தம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. எச்சில் தொட்ட விரலால் தேய்த்தால் இலைப்புள்ளி அப்படியே இருக்கும், இரத்தம் விரலில் ஒட்டும். ஐதரசன் பரவொட்சைட்டு ஒரு சொட்டு விட்டால் இரத்தம் நுரைக்கும், இலைப்புள்ளி சும்மா கிடக்கும். அலுவிகாரையில் ஓலை எழுதிக் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தெரியாது. எழுத்தாணி கீறியதும் ஓலையில் ஒன்றுமே தெரியாது. கரியெண்ணெய் பூசித் துடைத்த பிறகுதான் கீறலுக்குள் மை தங்கி எழுத்து எழும்பும்.

துளியின் நிறம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும். இளஞ்சிவப்பு, குமிழி விட்ட நுரை என்றால் நுரையீரல். அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். நாலு மணி நேரமாவது உட்கார வேண்டும். பச்சையும் பழுப்புமாக, நாற்றத்தோடு, அரைத்த புல் கலந்து வந்தால் வயிறு. அதற்கு 8 முதல் 12 மணி நேரம். பொறுமை இல்லாதவன் இங்கேதான் தோற்பான். காயம் பட்ட மான் பக்கத்திலேயே எங்காவது படுத்துக்கொள்ளும். ஆள் சத்தம் கேட்டால் எழுந்து ஓடும். இரண்டாம் தடவை ஓடும்போது பெரும்பாலும் துளி விழாது.

அந்த இரண்டாவது ஓட்டத்தின் விலையைக் காணிக் கணக்கில் சொல்கிறேன். நுரையீரலில் அம்பு பட்ட மான் வினாடிக்கு 10 மீட்டர் வீதம் 10 வினாடி ஓடினால் 100 மீட்டர். தடம் இல்லாமல் தேடினால் 100 மீட்டர் ஆரமுள்ள வட்டம்: 31,416 சதுர மீட்டர், ஏழேமுக்கால் ஏக்கர், 1,240 பேர்ச்சஸ். 5 மீட்டருக்கு ஒரு வரிசை என்று நடந்தால் 6.3 கிலோமீட்டர். பற்றைக்காட்டில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் நாலு பேருக்கு ஒன்றரை மணி நேர வேலை. எழுப்பிவிட்ட மான் 500 மீட்டர் போய்விட்டால்? தூரம் 5 மடங்கு, வட்டம் 25 மடங்கு. 194 ஏக்கர், 157 கிலோமீட்டர் நடை, அதே நாலு பேருக்கு 39 மணி நேரம். அரை மணி நேரம் பொறுக்காததற்கு இவ்வளவு தண்டம்.

சரி, பொறுத்திருப்போம் என்றால் இந்த ஊர் வெயில் விடாது. குளிர் நாட்டுக்காரன் வயிற்றில் அம்பு பட்ட மானை இரவு முழுக்க விட்டுவிட்டு விடிந்ததும் போய் எடுப்பான். மாத்தளையில் பகல் வெப்பம் 30 பாகையை நெருங்கும். 10 மணி நேரம் காத்திருக்கிறீர்கள். மான் நாலாவது மணியில் செத்துவிட்டது என்று வையுங்கள். மீதி ஆறு மணி நேரமும் அது குடலோடு வெதுவெதுப்பாகக் கிடக்கும். நல்ல சூட்டில் பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். 18 இரட்டிப்பு: 2 இலட்சத்து 62 ஆயிரம் மடங்கு. இது ஏட்டுக் கணக்குத்தான், உடம்புக்குள் அவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஆனாலும் சீக்கிரம் போனால் மான் இல்லை, தாமதித்தால் இறைச்சி இல்லை என்ற இந்த முடிச்சுக்கு வெப்ப நாட்டில் நல்ல அவிழ்ப்பு கிடையாது.

கிடைக்காமல் போவது எவ்வளவு? அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை பதிவேடு வைத்திருந்தார்கள். பயிற்சி பெற்ற வில்லாளிகள், நவீன வில். அம்பு பட்ட மான்களில் 18 சதவீதம் கைக்குக் கிடைக்கவில்லை. ஒக்லகோமாவில் பழைய பாணி வில்லைக் கொண்டு நடந்த வேட்டையில், கழுத்தில் வானொலிப் பட்டை கட்டிய மான்களை வைத்து எண்ணினார்கள்; பாதி கிடைக்கவில்லை. மானுக்கு 20 கிலோ இறைச்சி என்றால் நூறு மானுக்கு முதல் கணக்கில் 360 கிலோ, இரண்டாம் கணக்கில் 1,000 கிலோ காட்டோடு போகிறது. காணாமற்போனவை எல்லாம் சாவதில்லை, காயம் ஆறிப் பிழைப்பவையும் உண்டு. இங்கிலாந்து 1963இலேயே மானை வில்லால் வேட்டையாடுவதைத் தடை செய்துவிட்டது. சுவீடனில் துப்பாக்கியால் சுட்டாலும், தடம் பிடிக்கப் பழகிய நாய் 2 மணி நேரத்துக்குள் சுட்ட இடத்துக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானையோ மரையையோ எய்தால் இன்று இங்கே வேட்டைக்காரனையே தடம் பார்த்துப் பிடிப்பார்கள்.

அம்பின் விலையை நான் இதுவரை எழுதவில்லை. அதைக் கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். வேடர் இராத்திரியில் கொல்லன் பட்டறைக்கு வந்து ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் ஓர் இலை, வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் வெட்டியது. கொல்லன் அந்த அளவுக்கு அடித்துக் கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். ஆளை ஆள் பார்க்காத வியாபாரம்; இலைதான் விலைச்சீட்டு. அழுகல் முடிச்சுக்கும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்து வைப்பார்களாம். அதற்கும் முதலில் மான் கிடைக்க வேண்டும்.

கிடைக்காத மானைக் கணக்கில் ஏற்றியவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். வட்டகாமணி அபயன் என்ற அரசன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், 500 பிக்குகள் அலுவிகாரைக் குகைகளில் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. அதில் புத்தரின் முற்பிறப்புகளைப் பற்றிய ஜாதகப் பாடல்கள் சேரும். பாடலுக்குரிய கதைகள் உரையில் இருக்கின்றன. 547 ஜாதகங்களில் 12ஆவது நிக்ரோத மிருக ஜாதகம். காசி அரசனின் பூங்காவில் அடைபட்ட மான்கள், நிக்ரோதன் கூட்டத்தில் 500, சாகன் கூட்டத்தில் 500. அரசனோ சமையற்காரனோ தினமும் வந்து எய்வார்கள். வில்லைக் கண்டதும் கூட்டம் சிதறும். இரண்டு மூன்று காயம் பட்டு, ஓடி ஓடிச் சோர்ந்து விழும். தேவை ஒரு மான், காயப்படுவது பல. இரு தலைவர்களும் பேசி முறை வைத்தார்கள். நாளுக்கு ஒரு மான், இன்று உன் கூட்டம், நாளை என் கூட்டம், சீட்டு விழுந்தது தானாகப் போய் வெட்டுமரத்தில் தலை வைக்க வேண்டும். குட்டி ஒன்றுகூடப் பிறக்காவிட்டாலும் 1,000 மான் 1,000 நாளைக்கு வரும். ஈரமில்லாத ஏற்பாடுதான். ஆனால் வீண் காயத்தைத் தனிப் பத்தியில் எழுதி, அதைப் பூச்சியமாக்கப் பார்த்த கணக்கு இதைவிடப் பழையது எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு சீட்டு ஒரு சினைமான்மீது விழுந்ததும், நிக்ரோதன் அதற்குப் பதிலாகப் போய்ப் படுத்ததும், அரசன் எல்லாவற்றுக்கும் உயிர்ப்பிச்சை கொடுத்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அதற்கப்பால் உள்ள பகுதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பயமற்றுப் போன மான்கள் பயிரை மேய்ந்தன, உழவர்கள் முறையிட்டார்கள். வேலி வேண்டாம், வயலைச் சுற்றி இலை கட்டி அடையாளம் வையுங்கள், எங்கள் ஆட்கள் தாண்டமாட்டார்கள் என்று நிக்ரோதன் சொல்லியனுப்பியது. அப்படியே நடந்தது.

மாத்தளை மாவட்டத்தில் வஸ்கமுவைக் காட்டையும் நக்கிள்ஸ் மலைச்சாரலையும் ஒட்டிய சேனைகளுக்கு இன்றும் மானும் பன்றியும் வரும். இலைக்குப் பதிலாகச் சில இடங்களில் கட்டுத்துவக்கு, சில இடங்களில் மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் போட்ட சுருக்கு. சுருக்குக்குத் தூக்கமில்லை, மாதத்துக்கு 720 மணி நேரம் ஆளில்லாமல் காத்துக்கிடக்கும். அதில் சிக்கிய மானைத் தேட இரத்தத் தடம் வேண்டாம், நாய் வேண்டாம், 31,416 சதுர மீட்டர் நடக்கவும் வேண்டாம். கம்பியின் நீளம் ஒரு மீட்டர் என்றால் தேட வேண்டிய வட்டம் 3.14 சதுர மீட்டர். அதற்குள் ஒரு புல்கூட நிமிர்ந்து நிற்காது.