காருக்கும் ஒரு பிளக்

கனடாவின் வின்னிபெக் நகருக்குக் கோடையில் போய் இறங்குகிறவருக்கு அங்கே நிற்கும் கார்களைப் பார்த்ததும் சின்னக் குழப்பம் வரும். எல்லாம் பெட்ரோல் கார்கள்தான். ஆனால் முன்பக்கக் கிரில்லுக்குள்ளிருந்து ஒரு ஒயரும் அதன் நுனியில் மூன்று முள் பிளக்கும் வெளியே எட்டிப் பார்க்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வண்டி நிறுத்துமிடங்களில் வரிசையாகக் குட்டையான கம்பங்கள், ஒவ்வொன்றிலும் பிளக் பாயின்ட். மின்சாரக் கார் என்ற பேச்சு எழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நட்ட கம்பங்கள் அவை. ஜனவரியில் காரணம் தானே விளங்கிவிடும். அந்த ஊரில் இரவு வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போவது யாரையும் வியக்க வைப்பதில்லை. வெளியில் நிறுத்திய வண்டி மறுநாள் காலை மறுபேச்சில்லாமல் கிளம்ப வேண்டுமென்றால், அதைக் கரன்டில் மாட்டிவைக்க வேண்டும்.

அந்த ஒயரின் மறுமுனையில் இருப்பதுதான் பிளாக் ஹீட்டர். இன்ஜினின் உலோக உடலுக்குள்ளேயே பொருத்தப்பட்ட, சுமார் 400 வாட்டிலிருந்து 1000 வாட் வரை இழுக்கும் சிறிய வெப்பக்கம்பி. வேலை என்னவோ நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் செய்வதுதான். குளிர்நாட்டில் ஒரு பிராந்தியமே கார் வைத்துப் பிழைக்க முடிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கடுங்குளிரில் கார் ஏன் கிளம்ப மறுக்கிறது? முதல் சந்தேகம் எப்போதும் பேட்டரி மேல்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிர் கூடக்கூட அதன் வேகம் குறையும். மைனஸ் 18 டிகிரியில் வழக்கமான ஈய பேட்டரி தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அதே நேரத்தில் இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு கரன்ட் தேவைப்படுகிறது. கொடுப்பவரிடம் இருப்பு பாதியானபோது கேட்பவர் இரண்டு பங்கு கேட்கிறார். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி என்றால் இன்னொரு ஆபத்து: அதன் அமிலம் நீர்த்துப்போயிருக்கும், அதனால் அது பனிக்கட்டியாகவே உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்யலாம்.

ஸ்டார்ட்டர் ஏன் அவ்வளவு கேட்கிறது என்று பார்த்தால், உண்மையான வில்லன் ஆயில். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் இறுகிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்ஜின் ஆயில் அப்படி முழுக்க உறையாது. ஆனால் மைனஸ் 30இல் கூழாகத் திரண்டு, பிஸ்டனையும் பேரிங்கையும் பிடித்துக்கொள்ளும். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்களே, அதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35இல். சென்னையில் யாரும் அந்த எழுத்தைக் கவனிப்பதில்லை. கனடாவின் சாஸ்கட்டூனில் தப்பான டப்பாவை வாங்கினால் ஜனவரியில் அழ வேண்டியதுதான்.

போதாததற்கு, பெட்ரோல் ஆவியாக மறுக்கும். ஆவியாகாத பெட்ரோல் பற்றாது. டீசலின் கதை இன்னும் மோசம். அதிலிருக்கும் மெழுகு படிகமாகி ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல்தான் அங்கே அறிமுகப்படுத்தியது.

பிளாக் ஹீட்டர் வராத காலத்தில் என்ன செய்தார்கள்? அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சிறு விமானங்கள் ஓட்டிய விமானிகளின் வழக்கம் ரசமானது. மாலையில் தரையிறங்கியதும் முதல் வேலை, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் ஆயிலை முழுக்க வடித்து டின்னில் பிடிப்பது. அதைக் குடிசைக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொள்வார்கள். காலையில் அடுப்பில் ஏற்றிச் சூடாக்கி, இன்ஜினுக்குத் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு உள்ளே ஸ்டவ் கொளுத்திவைத்து, பிறகு சூடான ஆயிலை ஊற்றிக் கிளப்புவார்கள். பக்கத்தில் தீயணைப்பானோடு ஒருவர் காவல் நிற்க வேண்டும். 1941 குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படையும் டாங்கிகளுக்கு அடியில் நெருப்பு மூட்டித்தான் இன்ஜினை எழுப்பப் பார்த்தது. பெட்ரோல் வண்டியின் வயிற்றுக்குக் கீழே தீ வைப்பதைவிட நல்ல யோசனை ஒன்று நிச்சயம் தேவைப்பட்டது.

அந்த யோசனை அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பிறந்தது. வின்னிபெக்குக்குத் தெற்கே, அந்நகர் வழியாகவும் ஓடும் சிவப்பாற்றின் கரையில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் கிராமப்புற மின்கூட்டுறவு ஒன்றை நிர்வகித்துவந்தார். பழைய செப்புக் குழாய்த் துண்டையும், ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியின் வெப்பக்கம்பியையும் வைத்து அவரே முதல் ஹீட்டரைச் செய்தார். சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சூடேறும் போல்ட்டை மாட்டுவதுதான் அவருடைய யுக்தி. 1949இல் காப்புரிமை கிடைத்தது. பண்ணை வீடுகளுக்கு அப்போதுதான் மின்சாரம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கம்பி இழுத்தாயிற்று, இனி மக்கள் கரன்டைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிலையில் இருந்த ஒரு மின்கூட்டுறவு நிர்வாகிக்கு இந்த எண்ணம் தோன்றியதைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

இன்றைய ஹீட்டர்களில் பெரும்பாலானவை போல்ட் வடிவில் வருவதில்லை. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடு அடைத்த துளைகள் இருக்கும். அதில் ஒன்றின் தகட்டை எடுத்துவிட்டு ஹீட்டரைச் செருகுகிறார்கள். வெப்பக்கம்பி, இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்டுக்குள் நேராக மூழ்கியிருக்கும். சூடான கூலன்ட் மேலே எழும், குளிர்ந்தது கீழே வரும். பம்ப் ஓடாமலேயே இன்ஜின் உடல் முழுக்க மெல்ல வெதுவெதுப்பாகும். ஆயில் தொட்டியின் அடியில் ஒட்டும் ஹீட்டர், பேட்டரியைச் சுற்றிக் கட்டும் மின்போர்வை என்று துணைக்கருவிகளும் உண்டு. வடக்கே போகப்போக ஒரே வண்டியில் இவை மூன்றையும் பார்க்கலாம்.

ஹீட்டரை எவ்வளவு நேரம் போட்டுவைப்பது என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். வேலை முடிந்து வந்ததும் மாட்டிவிட்டு, மறுநாள் காலை வரை அப்படியே விட்டுவிடுவது பலருடைய பழக்கம். இரண்டு மூன்று மணி நேரத்தில் இன்ஜின் ஏற வேண்டிய சூடு ஏறிவிடும். அதற்குப் பிறகு உள்ளே போகிற வெப்பமும் வெளியே கசிகிற வெப்பமும் சமமாகி, மீட்டர் மட்டும் ஓடும். 400 வாட் ஹீட்டர் 10 மணி நேரத்தில் 4 யூனிட் குடிக்கும். 2 மணி நேரத்துக்கு 0.8 யூனிட் போதும். ஹீட்டரைவிடப் பயனுள்ள கருவி, கடையில் மலிவாகக் கிடைக்கும் டைமர்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அது நாலு மணிக்குத் தானாக ஹீட்டரைப் போட்டுவிடும்.

காற்றுக் குளிர் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. வானொலியில் “மைனஸ் 25, காற்றோடு சேர்த்து மைனஸ் 40” என்று சொன்னால் பலர் காருக்கும் அது மைனஸ் 40 என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது எண் மனிதத் தோலுக்கானது. காற்று இன்ஜினைச் சீக்கிரம் ஆறவைக்குமே தவிர, மைனஸ் 25க்குக் கீழே அதைக் கொண்டுபோகாது.

பிளக்கைக் கழற்ற மறந்து வண்டியை எடுப்பது எல்லோருக்கும் நடக்கும் கூத்து. அதனால், கண்ணில் படட்டும் என்று சிலர் ஒயரைச் சைடு மிரரில் சுற்றிவைப்பார்கள். வெடிப்பு விட்ட ஒயர் கூத்தல்ல. சாலையில் தூவும் உப்பு பிளக் முள்ளை அரித்து, ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. அதற்காகக் கார் நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் உண்டு. வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயர் அந்தக் குளிரில் விறைத்து நொறுங்கிவிடும்.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் பிளாக் ஹீட்டர் காற்று மாசுப் பிரச்சினைக்கும் மருந்தானது. குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. குளிர்காலத்தில் மேலே சூடான காற்று மூடிபோல் படிந்து, கீழே இருக்கும் புகையை வெளியேற விடாது. குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில நிமிடங்களில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளியேறுகிறது. சைலன்சர் வழியிலுள்ள வினையூக்கி சூடாகாமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. அலுவலகங்களின் வண்டி நிறுத்துமிடங்களில் பிளக் பாயின்டுகளைப் பெருக்குவது அந்த ஊரின் காற்றுத் தூய்மைத் திட்டத்தில் ஒரு அங்கமாகவே இருந்தது.

சைபீரியாவின் யாகுட்ஸ்க் வேறு வழியில் போயிற்று. ஜனவரிச் சராசரியே மைனஸ் 40ஐ நெருங்கும் ஊர். அங்கே பலர் கடைக்குப் போனாலும் இன்ஜினை அணைப்பதில்லை. கார் முழுவதையும் தடித்த கம்பளிப் போர்வையால் மூடுகிறார்கள். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டுகிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தானே இன்ஜினைக் கிளப்பி அணைக்கும் கருவியும், வண்டியின் எரிபொருளையே எரித்துக் கூலன்டைச் சூடாக்கும் ஜெர்மன் ஹீட்டரும் அங்கே சாதாரணம். நின்ற இடத்திலேயே எரியும் பெட்ரோலின் செலவையும் புகையையும் பார்த்தால் கம்பம் நடுவது எவ்வளவோ மேல். ஆனால் ஊர் முழுக்கக் கம்பம் நட யாராவது பணம் போட வேண்டுமே.

கம்பம் நட்ட ஊர்களுக்கு இப்போது புதிய கணக்கு. மின்சாரக் காருக்கு பிளாக் ஹீட்டர் தேவையில்லை. அதற்கு வேண்டியது சார்ஜ் ஏற்ற ஒரு பாயின்ட்; கம்பத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. வட அமெரிக்காவின் 120 வோல்ட் பாயின்டில் சுமார் 1.4 கிலோவாட் வரை எடுக்கலாம். ராத்திரி முழுக்க நின்றால் ஊருக்குள் போய்வரும் அளவுக்கு ஏறும். சிக்கல் என்னவென்றால், இந்தக் கம்பங்களில் பல அதற்காக அமைக்கப்படவில்லை. ஒரே சர்க்யூட்டில் இரண்டு கார்கள் பங்கு போடும். மின்செலவைக் குறைக்கச் சில இடங்களில் சில நிமிடம் கரன்ட் விட்டு, சில நிமிடம் நிறுத்திவைப்பார்கள். இன்னும் சில இடங்களில் வெளியே குளிர் தணிந்ததும் கரன்டே வராது. ஹீட்டர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். மின்சாரக் காருக்கு விடிவதற்குள் சார்ஜ் ஏறியாக வேண்டும். கம்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குப் போகும் ஒயரையும் சர்க்யூட்டையும் மாற்றும் செலவு யாருடையது, குடியிருப்போர் சங்கமா, கட்டட உரிமையாளரா, கார் வைத்திருப்பவரா என்ற வாதம் இப்போது அந்த ஊர்களின் அடுக்குமாடிகளில் நடந்துகொண்டிருக்கிறது.