ஐந்து வெற்றுக் கட்டங்கள்

“கணினிச் சிப் ஒன்றில் குறை இருப்பதாகப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தவுடனே, அதைச் செய்த கம்பனியின் பங்கு விலை விழுகிறது, போட்டிக் கம்பனியின் விலை ஏறுகிறது. முதலீட்டாளர்கள் அந்தக் குறையை ஆராய்ந்து பார்த்தா விற்கிறார்கள்?” என்று வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆராய அவர்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. 2018 ஜனவரி 3ஆம் திகதி, இன்டெல் சிப்புகளில் பெருங்குறை உண்டென்றும் அதைத் திருத்தினால் கணினிகளின் வேகம் நூற்றுக்கு முப்பது வரை குறையக்கூடுமென்றும் செய்தி பரவியபோது, இன்டெலின் பங்கு மூன்று வீதத்துக்கு மேல் சரிந்தது, போட்டிக் கம்பனியான ஏ.எம்.டி.யின் பங்கு ஐந்து வீதமளவில் உயர்ந்தது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினி வாங்க வருபவர் பெரும்பாலும் இவ்விரண்டு பெயர்களுள் ஒன்றையே தெரிவுசெய்ய வேண்டியிருப்பதால், ஒருவரின் நஷ்டம் மற்றவரின் லாபமென்று சந்தை கணக்கிட்டது. ஆனால் அன்றே ஆராய்ச்சியாளர் வெளியிட்ட விபரங்களின்படி குறைகள் இரண்டு: ‘மெல்ட்டவுன்’ பெரும்பாலும் இன்டெலைச் சார்ந்தது, ‘ஸ்பெக்டர்’ ஏ.எம்.டி.யையும் விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு இன்டெலின் வருமானம் ஏறத்தாழ 7,080 கோடி டொலர். அதுவரை அக்கம்பனி காணாத தொகை அது. முதல்நாட் பரபரப்பை அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு இதற்குமேல் சாட்சியம் வேண்டியதில்லை.

இத்தகைய பரபரப்புகளுக்கு மூத்தது இன்டெலின் பென்டியம் சிப் பற்றிய 1994ஆம் ஆண்டின் விவகாரம். அமெரிக்காவின் வெர்ஜினியாவில் கணிதப் பேராசிரியராயிருந்த தோமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய தமது கணக்குகள் பொருந்தாமை கண்டு, மாதக்கணக்கில் ஒவ்வொரு காரணமாக விலக்கி, ஈற்றில் சிப்பே பிழையாக வகுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 என்று வரவேண்டிய இடத்தில் அது 1.33373 என்றது.

அந்தப் பிழை பிறந்த விதம் என்னைப் பெரிதும் வசீகரிப்பது. 1950களின் பிற்பகுதியில் ஸ்வீனி, ரொபேட்சன், டோச்சர் என்ற மூவர் தனித்தனியே கண்ட முறையைப் பென்டியம் கையாண்டது. ஈவின் அடுத்த இலக்கத்தை அது கணிப்பதில்லை, ஊகிக்கிறது. கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடை முதலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று நாலிலொரு பங்காகக் குறைந்து செல்லும் படிக்கற்கள் அவரிடம் உண்டு. மூட்டையைக் கண்ணால் பார்த்த மாத்திரத்திலேயே பெரிய கல்லில் ஒன்றோ இரண்டோ எடுத்துத் தட்டில் வைக்கிறார். அது கூடிப்போனால் அதை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதில்லை, அடுத்த சிறிய கல்லைச் சரக்கிருக்கும் தட்டில் வைத்து நேர்செய்துகொண்டு மேலே போகிறார். ஊகம் சற்றுத் தவறலாம், பின்வரும் கற்கள் அதைத் திருத்திவிடும் என்பதே இம்முறையின் வேகத்துக்குக் காரணம். எந்தப் பருமனுக்கு எத்தனை கல் என்ற அவருடைய அநுபவம் முழுவதும் சிப்பிலே ஓர் அட்டவணையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. நிரப்பவேண்டிய 1,066 கட்டங்களுள் ஐந்து வெறுமையாய் விடப்பட்டன. அந்த ஐந்தில் ஒன்றைத் தொட நேர்கையில், இரண்டு கல் வைக்கவேண்டிய முதலாளி ஒன்றுமே வையாது விடுகிறார். பின்வரும் சிறுகற்கள் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக அள்ளி வைத்தாலும், தவறவிட்ட கல் ஒன்றின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறாது. ஆகையால் தராசு பிறகு ஒருபோதும் நேராவதில்லை. ஆனாலும் அவர் நிறையைச் சொல்லிவிடுகிறார், ஐயம் எதுவுமின்றி.

அக்கட்டங்களைத் தொடும் எண்கள் அரியவை. எழுந்தமானமாக எடுத்த எண்களில் சுமார் 900 கோடி வகுத்தலுக்கு ஒருமுறையே பிழை நேரும். இதைக் கொண்டு, சாதாரணப் பாவனையாளர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறையே பிழையைக் காண்பார் என்றது இன்டெல். 24 நாளுக்கொருமுறை காண்பார் என்றது ஐ.பி.எம். இரண்டு கணக்குமே பொருளை விற்பவர்கள் போட்ட கணக்கு, ஏனெனில் ஐ.பி.எம். அப்போது பவர்பிசி என்ற போட்டிச் சிப்பைத் தானும் வளர்த்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 12ஆம் திகதி அது பென்டியம் கணினிகளின் விற்பனையை நிறுத்த, இன்டெலின் பங்கு விழுந்தது. குறையை அக்கம்பனி முன்னமே அறிந்திருந்தும் வெளியிடவில்லை; பிழையற்ற சிப் தமக்குத் தேவையென்று நிரூபிப்பவருக்கே மாற்றித் தருவோம் என்று பிடிவாதமும் செய்தது. வாங்கியவரை இழிவுசெய்த அந்த நிபந்தனையே வகுத்தற் பிழையைவிட அதிகச் சினத்தை மூட்டியதென்பது என் அபிப்பிராயம். டிசம்பர் 20இல் கேட்டவருக்கெல்லாம் மாற்றித்தர இணங்கிய இன்டெல், 47.5 கோடி டொலரை அதற்கென ஒதுக்கியது.

போட்டியை நான் மெச்சுவது இதற்குப் பிந்திய ஒரு காரியத்துக்காக. 1995இல் ஏ.எம்.டி., தனது கே5 சிப்பை விற்பனைக்கு விடுமுன், அதன் வகுத்தல் முறை எந்த எண்ணுக்கும் பிழைக்காதென்பதைக் கணித நிரூபணமாகவே காட்டும்படி கேட்டது. பரீட்சித்துப் பார்த்து இதைத் தீர்க்க இயலாது. இரண்டு எண்களின் சேர்க்கைகள் அத்தனையையும் சோதிக்க எந்த இயந்திரத்துக்கும் ஆயுள் போதாது. மூர், கோஃப்மன், லிஞ்ச் என்ற அறிஞர் மூவரும் ஏ.சி.எல்.2 என்ற நிரூபணச் செய்நிரலின் துணையோடு, படிக்குப் படி இயந்திரமே சரிபார்த்த நிரூபணத்தை எழுதி முடித்தார்கள். பின்னர் வந்த அத்லன் சிப்பின் பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றையும் ரஸினொஃப் என்ற அறிஞர் அவ்வாறே நிறுவினார்.