பாறை ஏறப் போகிறானா உங்கள் பிள்ளை?

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா, பதினாலு வயசுப் பையனோடு வந்தார். "டாக்டர், இவன் நடுவிரல் மூணு வாரமா வீங்கியிருக்கு. நம்ம எண்ணெய் ஏதாவது குடுங்க. ஞாயித்துக்கிழமை மறுபடியும் சுவர் ஏறணுமாம்!"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மலை ஏது? ஏரிக்கரைதான் நமக்கு மேடு! ஆனால், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாக இடம் பெற்றது. 2024-ல் பாரிஸில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். அதை டி.வி.யில் பார்த்த பிள்ளை சும்மா இருக்குமா?

எண்ணெய் நான் கொடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். வளர்கிற வயதில் விரல் எலும்பின் முனையில் குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீளுவதே அங்கேதான். விரல்களை மடக்கி, நுனியில் மட்டும் உடம்பின் பாரத்தைத் தாங்கித் தொங்கும்போது அந்த இடத்தில் விரிசல் விழலாம். இவனுக்கும் அதேதான். இதைத் தேய்த்து நீவினால் என்ன ஆகும்? விரல் கோணலாக வளரக்கூடும். எலும்பு மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். அடிபடாமலே நடுமூட்டு வலித்தால், ஏறுவதை அன்றே நிறுத்துங்கள்.

சரி, ஏறவே கூடாதா? தாராளமாக ஏறலாம். முறையாகக் கற்றுக்கொண்டு ஏறட்டும். முதலில் செயற்கைச் சுவரில், பயிற்சியாளர் முன்னால்.

மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பிடியில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடம்பு கீழே போனால் விரல் தோலோடு உரிந்து வந்துவிடும். கல்யாண மோதிரமாச்சே என்று பார்க்காதீர்கள்.

புதிதாக ஏறுகிறவர்கள் கையாலேயே உடம்பை இழுக்கப் பார்ப்பார்கள். ஐந்தே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். ஏணியில் நாம் காலால்தானே ஏறுகிறோம்? இதுவும் அப்படித்தான். கையை நீட்டி வைத்து, காலை ஊன்றி எழும்ப வேண்டும்.

கயிறுதான் உயிர். கொடிக் கயிறு, கிணற்றுக் கயிறு உதவாது. ஏறுவதற்கென்றே செய்த கயிறு, விழும்போது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத கயிற்றில் விழுந்தால் அந்த உதறல் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும். இடுப்புப் பட்டையில் எட்டு வடிவ முடிச்சு போட வேண்டும். ஏறும் முன் இருவரும் ஒருவர் மற்றவருடைய பட்டை, முடிச்சு, கொக்கியின் பூட்டு மூன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழே கயிறு பிடிப்பவர், நிறுத்தும் கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவே கூடாது. கொசு கடித்தாலும்!

தமிழகத்தில் பிறந்து, கர்நாடகத்தின் சித்ரதுர்கா கோட்டையில் கயிறே இல்லாமல் ஏறும் ஜோதிராஜின் வீடியோக்களைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது அவருடைய பல வருடப் பழக்கம். பார்த்துச் செய்கிற காரியமில்லை.

நிஜப் பாறைக்குப் போனால் தலைக்கவசம் கட்டாயம். மழை ஓய்ந்த கையோடு ஏற வேண்டாம், வழுக்கும். அண்ணாந்து மலைத்தேன் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்ட் பூசிக்கொண்டு போகவே கூடாது.

தவறி விழுந்துவிட்டாரா? கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்துப் போதல் இருந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வெறும் சுளுக்கு என்றாலும் முதல் இரண்டு நாள் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம்தான். சூட்டு ஒத்தடம், எண்ணெய் நீவல் கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். எங்கள் தைலத்துக்கு வேளை பிறகு வரும்.

அந்த அம்மா போன வாரம் போன் செய்தார். "ஏற விடலைன்னதும், ஜன்னல் கம்பியில பூரா எட்டு முடிச்சா போட்டு வெச்சிருக்கான் டாக்டர். துணி காயப்போடக் கயிறு இல்லை!"