பத்துப் படங்கள் பிழைத்த கதை

1991 மே 21 இரவு. ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்டத் திடலில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு, அருகில் படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபுவின் உயிரையும் பறித்தது. அவருடைய கேமரா தப்பியது. உள்ளிருந்த ஃபிலிமில் பத்துப் படங்கள்.

கொலைத் திட்டத்தை நடத்திய சிவராசன்தான் ஹரிபாபுவை வரவழைத்திருந்தார் என்றது விசாரணை. எடுக்கச் சொன்னவரையே அந்தப் படங்கள் காட்டிக்கொடுத்தன. சந்தனமாலையுடன் காத்திருக்கும் தணு என்ற பெண், பக்கத்தில் மாண்டுபோகப்போவதை அறியாத ஒரு தாயும் மகளும், வெள்ளைக் குர்தாவில் நிருபர் வேடமிட்ட சிவராசன்! தமிழகத் தடய அறிவியல் துறையின் தலைவராக இருந்த பி. சந்திரசேகரன், படங்களையும் சிதறிய உடல் பாகங்களையும் ஒப்பிட்டு, குண்டைக் கட்டியிருந்தவர் தணுவே என்று நிறுவினார்.

குண்டு வெடித்தபோது அந்தப் பத்துப் படங்களில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இல்லை. ஃபிலிமில் பரவிக்கிடக்கும் சில்வர் ஹேலைடு படிகத்தில் ஒளித்துகள்கள் விழும்போது, அங்கே நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒட்டிச் சேர்கின்றன. கோடிக்கணக்கான வெள்ளி அயனிகள் கொண்ட படிகத்தில் அந்த நான்கைந்து அணுக்களே மறைந்திருக்கும் படம். ஃபிலிமைக் கழுவும் ரசாயனம் அவற்றைப் பற்றிக்கொண்டு முழுப் படிகத்தையும் வெள்ளியாக மாற்றுகிறது. கலர் ஃபிலிமில் கூடவே சாயமும் உருவாகிறது. வெடிப்பின் அதிர்ச்சியில் கேமராவின் பின்மூடி திறந்து வெளிச்சம் பட்டிருந்தாலோ, கண்டெடுத்தவர் ஆர்வத்தில் திறந்திருந்தாலோ படங்கள் அழிந்திருக்கக்கூடும்.

கழுவியபோது மறைந்த படம் வெளிப்பட்ட இன்னொரு கதையும் உண்டு. 1896இல் பாரிஸில் இயற்பியலாளர் ஹென்றி பெக்கரெல், மேகமூட்டத்தால் வெயில் படாமல் யுரேனிய உப்போடு இழுப்பறையில் கிடந்த புகைப்படத் தகட்டை, மங்கலாக ஏதாவது தெரியலாம் என்று கழுவினார். பளிச்சென்ற கருநிழல் தெரிந்தது, கதிரியக்கம் வெளிப்பட்டது. தற்செயலை வீணாக்காமல் கழுவிப் பார்த்த கைகளுக்கே இரண்டு கதைகளிலும் பெரும்பங்கு உண்டு.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் உருவாகின்றன. அவற்றின் ‘லைவ் போட்டோ’ வசதி, பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடிகளைச் சேர்த்தே பதிகிறது. விரல் தவறவிட்ட கணத்தையும் கருவி பிடித்துவைக்கிறது. ஹரிபாபுவின் ஃபிலிமில் அந்த வசதி இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நடந்ததைப் புலனாய்வுக் குழு, உயிர் தப்பியவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கோர்த்தது.