சராசரி மறைப்பதைக் கருவி காட்டும்: எரிபொருள் கலச் சோதனை



லாபுவில் கொமுட்டர் ஏறினால் நீலாய், பாத்தாங் பெனார், பாங்கி தாண்டி யூ.கே.எம். நிலையம் வரும். அங்குள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு எரிபொருள் கல ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. அறிவியல் தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் எங்கெங்கோ எடுத்துக்காட்டுத் தேடுகிறார்கள். இதோ, பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது.

எரிபொருள் கலம் என்றால் என்ன? ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து, தீ இல்லாமலேயே மின்சாரம் தரும் கருவி. மிஞ்சுவது நீரும் வெப்பமும்தான். கோட்பாட்டின்படி ஒரு கலம் 1.23 வோல்ட் தர வேண்டும். வேலை செய்யும்போது கிடைப்பதோ ஏறக்குறைய 0.7 வோல்ட்தான். அதனால்தான் பல கலங்களைத் தொடராக அடுக்குகிறார்கள். டொயோட்டா மிராய் காரின் முதல் மாதிரியில் 370 கலங்கள் இருந்தன.

சிக்கல் இங்கேதான் தொடங்குது. 100 கலங்கள் உள்ள அடுக்கு 70 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கலம் மட்டும் 0.2 வோல்ட்டுக்கு இறங்கினால் மொத்தம் 69.5 வோல்ட். யார் கண்ணில் படும்? ஆனால், அந்தக் கலத்துக்கு ஹைட்ரஜன் போதாமல் போனால், மற்ற கலங்கள் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் மின்னழுத்தம் சுழியத்துக்கும் கீழே போய், மின்முனையிலுள்ள கரிமம் அரிக்கப்படும். ஒரு கலம் கெட்டால் அடுக்கே நின்றுவிடும்.

நம் தோட்டத்தில் பால் நிறுத்ததை நினைத்துப் பாருங்க. எல்லார் பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றி எடை போட்டால் யார் பங்கு குறைந்தது என்று தெரியுமா? ஆளுக்கு ஆள் தனியாக நிறுத்துக் கிராணி எழுதி வைத்தார். சோதனைக்கூடத்தில் அந்த வேலையைச் செய்வது தரவு சேகரிப்புக் கருவி.

அது மூன்று படிகளில் இயங்குகிறது. முதலில், உணரிகள் ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் அடுக்கின் மின்னோட்டம், வெப்பநிலை, வாயு அழுத்தம் ஆகியவற்றையும் அளக்கின்றன. அடுத்து, அந்தக் குறிகைகள் பக்குவப்படுத்தப்படுகின்றன. வெப்ப இரட்டை தரும் மின்னழுத்தம் 1 பாகைக்குச் சுமார் 0.04 மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்க வேண்டும். நூறாவது கலமோ தரையிலிருந்து 70 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. பல அளவீட்டு அட்டைகள் 10 வோல்ட் வரைதான் தாங்கும். ஆகவே, மின்காப்புத் தந்து, அந்தக் கலத்தின் இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுக்கிறார்கள். கடைசியாக, அளவுகள் எண்களாக மாற்றப்படுகின்றன. 10 வோல்ட்டை 12 பிட் மாற்றி 4,096 படிகளாகப் பிரிக்கும். 16 பிட் மாற்றி 65,536 படிகளாகப் பிரிக்கும். படி சிறுத்தால் சின்ன மாற்றமும் தெரியும்.

வகுப்பில் செய்து பார்க்கலாம். இரண்டு புது டார்ச்லைட் பேட்டரிகளோடு பழையது ஒன்றைத் தொடராக இணைத்து, முதலில் மொத்தத்தையும் பிறகு ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். பழையது எது என்று மொத்த அளவு காட்டாது. பின்னர் ‘உணரி’, ‘மின்னழுத்தம்’, ‘தொடர் இணைப்பு’ ஆகிய கலைச்சொற்களோடு ஒரு பத்தி எழுதச் சொல்லலாம்.

ஆசிரியர்களே, வகுப்பின் சராசரிப் புள்ளியும் அந்த 69.5 வோல்ட் மாதிரிதான். 0.2இல் தவிக்கும் பிள்ளை யார் என்று அது சொல்லாது. அடுத்த சோதனைத் தாள்களைத் திருத்தும்போது பெயர் பெயராகப் பாருங்கள்.